அயல்நாட்டில் அந்நியப் படை: சிறிய நாடு எந்த வழியைத் தெரிவது?

அயலிலுள்ள நாடு ஒன்று உள்நாட்டுக் குழப்பத்தில் சிக்கியிருக்க, அங்கே வல்லரசு ஒன்றின் படை போய் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலிருக்கும் சிறிய நாட்டின் அமைச்சரவை அன்றிரவே கூடி ஏதாவது ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். படையோடு தானும் சேர்ந்துகொள்ளலாம். சட்டத்தைச் சொல்லிப் பகிரங்கமாக எதிர்க்கலாம். வாயையும் எல்லையையும் மூடிக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். தன் மண்ணை எவருக்கும் கொடுக்காமல் அயலாரைக் கூட்டிச் சமாதானம் பேசலாம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த நான்கு வழிகளிலும் சிறிய நாடுகள் நடந்து பார்த்திருக்கின்றன. ஆகையால் ஊகங்களை விட்டுவிட்டு, நடந்தவற்றை வைத்தே அவற்றை ஒப்பிட முடியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்த ஒப்பீட்டைச் செய்பவருக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு. இராஜதந்திர நூல்கள் பெரும்பாலும் முடிவெடுக்கும் தலைநகரத்தின் பக்கத்திலிருந்து எழுதப்படுகின்றன. படை வந்து இறங்கும் ஊரின் பக்கத்திலிருந்து எழுதப்படுபவை குறைவு. நாங்கள் அந்த ஊராக இருந்தவர்கள். 1987 ஜூன் 3 ஆம் திகதி இந்தியாவிலிருந்து உணவுப் பொருள்களுடன் புறப்பட்ட மீன்பிடிப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் மாலை, மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து அன்ரனோவ் விமானங்கள் குடாநாட்டின் மேல் பறந்து பொதிகளைப் பரசூட்டில் இறக்கின. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த சனங்களுக்கு அது ஆறுதல். கொழும்புக்கு அது தன் வான்பரப்பின் மீறல். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. ஜூலை 29 இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்தியப் படை பலாலியில் வந்திறங்கியது. மாலை போட்டு வரவேற்றோம். ஒக்டோபர் 10 இல் சண்டை தொடங்கியது. அந்த மாதம் 21, 22 ஆம் திகதிகளில், தீபாவளி நாளிலும் அதற்கு மறுநாளிலும், யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் நோயாளரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். படை 1990 மார்ச் 24 ஆம் திகதியன்றுதான் முற்றாக வெளியேறியது; அதற்குள் இந்தியப் படையினரும் 1,100 பேருக்கு மேல் உயிரிழந்திருந்தனர்.

இந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இரண்டு. படையை அழைத்தவர் யார், அந்த அழைப்பில் அந்நாட்டு மக்களின் குரல் இருந்ததா என்பது ஒன்று. படை எந்த நாளில், என்ன நிபந்தனை நிறைவேறியதும் வெளியேறும் என்று முதலிலேயே எழுதப்பட்டதா என்பது மற்றது. அயலிலுள்ள சிறிய நாட்டின் எந்த முடிவையும், அது இந்த இரண்டு விடயங்களில் ஏதாவது நல்ல மாற்றத்தை உண்டாக்கியதா என்று கேட்டே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். வர்த்தகம், கடன், வல்லரசின் தயவு என்பவை பொருட்படுத்தத் தகாதவை என்று சொல்லவில்லை. அவை எப்படியும் அமைச்சரவை மேசைக்கு வந்துவிடும். அவற்றுக்காகப் பேச அங்கே ஆட்கள் இருப்பார்கள்.

முதலில், கூடப் போகும் வழி. அதற்குக் கிரெனடாவை விடத் தெளிவான உதாரணம் இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்களவே உள்ள, அன்று ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழ்ந்த கரீபியன் தீவு அது. 1979 மார்ச்சில் மொறிஸ் பிஷப்பின் தலைமையில் இடதுசாரிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தக் கட்சியே உள்ளுக்குள் பிளந்தது. 1983 ஒக்டோபர் 19 ஆம் திகதி பிஷப்பும் அவருடைய அமைச்சர்கள் சிலரும் கோட்டை ஒன்றுக்குள் நிறுத்திச் சுட்டுக்கொல்லப்பட்டனர். இராணுவச் சபை ஒன்று ஆட்சியை எடுத்துக்கொண்டு, வெளியே வருவோரைக் கண்ட இடத்தில் சுடும் உத்தரவோடு இரவுபகலாக ஊரடங்கைப் பிறப்பித்தது. நாங்கள் ஜூலைக் கலவரத்தின் சாம்பலுக்குள் நின்ற அதே ஆண்டில், இன்னொரு சிறு தீவின் மக்கள் இப்படி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள்.

அயல் தீவுகளுக்கு அச்சம் வந்தது இயல்பே. அவற்றில் பலவற்றுக்கு இராணுவமே இல்லை. சிறிய ஆயுதக் குழு ஒன்று நினைத்தால் ஓர் அரசையே கவிழ்த்துவிடலாம் என்பதைக் கிரெனடாவில் கண்ணால் கண்டிருந்தார்கள். கிழக்குக் கரீபியன் நாடுகள் அமைப்பின் தலைவராக அப்போது இருந்தவர் டொமினிக்காவின் பிரதமர் யூஜீனியா சார்ள்ஸ் அம்மையார். அந்த அமைப்பு பார்படோஸையும் ஜமைக்காவையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்காவின் படை உதவியைக் கேட்டது. ஒக்டோபர் 25 காலை படை இறங்கியது. அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி றேகன் செய்தியாளர் முன் வந்தபோது, பக்கத்தில் அந்த அம்மையார் நின்றார். கேள்விகளுக்கு அவரும் விடை சொன்னார். எழுபதினாயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்ட ஒரு நாட்டின் பிரதமர், உலக வல்லரசு ஒன்றின் இராணுவத்தின் செயலுக்கு அந்த மேடையில் நின்று நியாயம் கொடுத்தார். கூடப் போகும் சிறிய நாட்டிடம் வல்லரசு எதிர்பார்ப்பது என்னவென்பதை அந்தக் காட்சியைப் போல் வேறெதுவும் காட்டாது. ஏழாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்கப் படையினரோடு கரீபியன் நாடுகளிலிருந்து போனவர்கள் சில நூறு பேரே. சண்டையில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கவில்லை, கைதிகளைக் காப்பதும் காவல் பார்ப்பதுமே அவர்கள் வேலையாக இருந்தன. அந்த நாடுகளின் பெயர்தான் தேவைப்பட்டது.

அழைத்தது யார் என்ற கேள்வியை இங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன அமைப்பின் உடன்படிக்கையிலுள்ள பாதுகாப்புப் பிரிவு வெளியாரின் ஆக்கிரமிப்பைக் கருதி எழுதப்பட்டது. உறுப்பு நாடொன்றுக்குள்ளேயே நடக்கும் கொலைக்கும் கவிழ்ப்புக்கும் அது பொருந்துமா என்று சட்ட அறிஞர்கள் அன்றே கேட்டனர். கிரெனடாவில் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக இருந்த மகாதேசாதிபதி சேர் போல் ஸ்கூன் தாமும் உதவி கேட்டதாகச் சொன்னார். ஆனால் எழுத்தில் அமைந்த கோரிக்கை அவருடைய கையெழுத்துக்கு வந்தது படைகள் இறங்கிய பின்னரே. அதே வேளை, கிரெனடா மக்களில் பெரும்பான்மையோர் அந்தப் படையை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. இராணுவச் சபையின் ஊரடங்கிலிருந்து அவர்களை வேறு யாரும் வந்து மீட்டிருக்கப் போவதில்லை. றிச்மண்ட் ஹில் மனநோய் வைத்தியசாலை மீது குண்டு விழுந்து 18 நோயாளர் இறந்ததும் அந்த வரவேற்போடு சேர்ந்த வரலாறுதான். வைத்தியசாலை என்ற சொல்லைப் படிக்கும்போது யாழ்ப்பாணத்து வாசகர் சற்று நின்றுதான் மேலே போவார்.

வெளியேறும் நாள் என்ற அளவுகோலில் கிரெனடா ஓரளவு தேறுகிறது. சண்டையிட வந்த அமெரிக்கப் படையினர் டிசெம்பர் நடுப்பகுதிக்குள் திரும்பிவிட்டனர். 1984 டிசெம்பர் 3 இல் தேர்தல் நடந்து, 15 இடங்களில் 14 ஐ ஹேர்பேட் பிளெய்ஸின் கட்சி வென்றது. அதற்குக் காரணம் கூடப் போன நாடுகள் வைத்த நிபந்தனை என்று சொல்லச் சான்று இல்லை. எதிர்த்து நிற்கப் பெரிய படையொன்று இல்லாத சின்னத் தீவு அது, வேலை விரைவில் முடிந்தது, ஆகவே படை போனது. வேலை முடியாமல் இழுபட்டிருந்தால் டொமினிக்காவோ பார்படோஸோ அமெரிக்காவை எந்தப் பிடியைக் கொண்டு வெளியே அனுப்பியிருக்கும்? பெயரைக் கொடுத்துவிட்ட பின்னர் கையில் பிடி எதுவும் மிஞ்சுவதில்லை. இந்த வழியின் அடிப்படைக் குறை அதுவே. நல்ல விளைவு வந்தால் அது அதிர்ஷ்டத்தால் வருகிறது. கெட்ட விளைவு வந்தாலோ பழியில் பங்கு உண்டு.

அதே வாரத்தில் அதே கடலில் எதிர்வழியைத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அப்பகுதி நாடுகளின் கூட்டமைப்பான கரீபியன் சமூகத்தின் தலைவர்கள் ஒக்டோபர் 22, 23 ஆம் திகதிகளில் போர்ட் ஒப் ஸ்பெயினில் கூடியபோது, திரினிடாட் டொபாகோவின் பிரதமர் ஜோர்ஜ் சேம்பர்ஸ் படைபலம் இல்லாத தீர்வையே வற்புறுத்தினார். கயானாவும் அந்தப் பக்கமே நின்றது. தம்மோடு ஒரே மேசையில் இருந்த அயலவர்கள் அமெரிக்காவை ஏற்கெனவே அழைத்துவிட்டதை அவர்கள் தமக்குச் சொல்லவில்லை என்று சேம்பர்ஸ் பின்னர் தம் பாராளுமன்றத்தில் வருந்தினார். நவம்பர் 2 இல் ஐ.நா. பொதுச் சபை அந்தத் தலையீட்டைக் கண்டித்து நிறைவேற்றிய தீர்மானத்துக்கு ஆதரவாக 108 நாடுகள் வாக்களித்தன. எதிராக 9, வாக்களிக்காமல் ஒதுங்கியவை 27. அந்த 108 இல் ஒன்று சிங்கப்பூர். அமெரிக்காவோடு அவ்வளவு நெருங்கிய நாடு, கம்பூச்சியா (இன்றைய கம்போடியா) விடயத்தில் அமெரிக்காவின் ஆதரவை நம்பியிருந்த நாடு, அந்த வாக்கை அளித்தது. அன்றைய வெளிநாட்டமைச்சர் எஸ். தனபாலன், அவருக்கு முன்னர் அந்தப் பதவியில் இருந்தவர் எங்கள் வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்த சின்னத்தம்பி இராஜரத்தினம்.

சிங்கப்பூரின் அந்த வாக்கை விளங்கிக்கொள்ள நான்கு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1978 டிசெம்பர் இறுதியில் வியட்நாமியப் படை கம்பூச்சியாவுக்குள் நுழைந்து, 1979 ஜனவரி 7 இல் புனோம் பென்னைக் கைப்பற்றியது. அதனால் விரட்டப்பட்ட கெமர் ரூஜ் ஆட்சி, நான்கு ஆண்டுகளுக்குள் தன் சொந்த மக்களில் ஏறத்தாழ பதினேழு இலட்சம் பேரைப் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இல்லாமல் ஆக்கிய ஆட்சி. எந்தத் தலையீட்டுக்காவது மனிதாபிமான நியாயம் உண்டென்றால் இதற்கு இருந்தது. ஆனாலும் இராஜரத்தினம் அசையவில்லை. கொடிய ஆட்சி என்ற காரணத்தைக் காட்டிப் பெரிய அயலவன் ஒரு சிறிய நாட்டுக்குள் படையோடு நுழைந்து, தான் விரும்பிய அரசை அங்கே நிறுவலாம் என்பதை உலகம் ஒரு தடவை ஏற்றுக்கொண்டால், அடுத்த தடவை அந்தக் காரணத்தை யார் யாருக்கு எதிராகவும் சொல்லலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. 1965 இல் தனித்துவிடப்பட்ட ஒரு துறைமுக நகரத்தின் வெளிநாட்டமைச்சருக்கு அது ஏட்டுப் பிரச்சினை அல்ல. ஹவானாவில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில், கியூபாவை எதிர்த்துக்கொண்டு, கம்பூச்சியாவின் இடத்துக்காக அவர் வாதாடினார். 1979 நவம்பரில் அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று, தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் நாடுகள் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சபையில் 91 வாக்குகளால் நிறைவேறியது.

நண்பனுக்கும் எதிரிக்கும் ஒரே சட்டம் என்று நின்ற இந்த நிலைப்பாட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வியட்நாம் செய்ததைக் கண்டித்துவிட்டு அமெரிக்கா செய்யும்போது மௌனமாக இருந்திருந்தால், சிங்கப்பூர் 1979 இல் சொன்ன ஒவ்வொரு சொல்லும் வெறும் கட்சிச் சார்பாகப் போயிருக்கும். ஆயினும் இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது. புனோம் பென்னின் புதிய ஆட்சியை ஏற்பதில்லை என்ற முடிவின் நேரடி விளைவு, ஐ.நா. ஆசனம் கெமர் ரூஜிடமே தங்கியது. 1979 செப்டெம்பரில் 71 நாடுகள் அதற்கு வாக்களித்தன. 1982 இல் முன்னாள் மன்னர் சிகானூக்கையும் முன்னாள் பிரதமர் சொன் சானையும் சேர்த்து ஒரு கூட்டணியை உருவாக்கி அந்தக் கறையை மறைக்க ஆசியான் முயன்றபோதும், போர்க்களத்தில் வலிமையாக நின்றவர்கள் கெமர் ரூஜினரே. தாய்லாந்து எல்லை முகாம்களில் இலட்சக்கணக்கானோர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். வியட்நாம் 1989 இல் தான் வெளியேறியது. பாரிஸ் உடன்படிக்கை 1991 ஒக்டோபரில் வந்தது. கொள்கை காப்பாற்றப்பட்டது, அதன் விலையைக் கம்பூச்சிய மக்கள் கொடுத்தார்கள். ‘படையே வெளியேறு’ என்று சொல்வதோடு நின்று, ‘அதன் பின் யார், எப்படி’ என்பதற்கு விடை தேடாத எதிர்ப்பு இந்த இடத்தில்தான் இடறுகிறது.

கண்டனத்துக்கும் படைக்கும் நடுவில் இன்னொரு படி உண்டு. அது அங்கீகாரத்தை நிறுத்தி வைப்பது. 2004 பெப்ரவரி 29 இல் ஹெயிட்டியின் ஜனாதிபதி அரிஸ்டீட் அமெரிக்க விமானத்தில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, அமெரிக்க, பிரெஞ்சுப் படைகள் உள்ளே வந்தபோது, கரீபியன் சமூகம் இடைக்கால அரசுக்குத் தன் மேசையில் இடம் கொடுக்க மறுத்தது. வாஷிங்டன் விரும்பாதபோதும் ஜமைக்கா சில வாரங்கள் அரிஸ்டீட்டுக்குத் தங்க இடம் கொடுத்தது. 2006 இல் தேர்தல் நடந்து பிரெவால் பதவிக்கு வந்ததும் ஹெயிட்டியின் ஆசனம் திரும்பியது. 1983 இல் றேகனுடன் கூடப் போன அதே ஜமைக்கா, இருபது ஆண்டுகளின் பின் நின்ற இடம் இது. ஆசனத்தைத் தேர்தலோடு கட்டியதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: எதிர்ப்பு எந்த நாளில், எதைக் கண்டு முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒதுங்கியிருப்பதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் தெற்காசியாவில் நாங்கள் வாழ்வது அந்த வழிக்குள்ளேதான். 1985 டிசெம்பரில் டாக்காவில் கையெழுத்தான சார்க் பட்டயத்தின் பத்தாவது உறுப்புரை, இரு நாடுகளுக்கிடையிலான பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் கலந்துரையாடலிலிருந்து விலக்கப்படும் என்கிறது. 1987 இல் பலாலியில் படை இறங்கியபோது, ஏழு நாடுகள் சேர்ந்திருந்த அந்த அமைப்பின் மேசையில் அதைப் பேசவே வழியில்லை. நேபாளத்துக்கோ மாலைதீவுக்கோ பூட்டானுக்கோ, ‘எப்போது போவீர்கள்’ என்று கூட்டாகக் கேட்க ஓர் இடமே இருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டவர் ஜனாதிபதி பிரேமதாச. 1989 ஜூலை 29 க்குள் படை போக வேண்டும் என்று அவர் தனியே நின்று நாள் குறித்தார். அந்த ஆண்டு இலங்கையில் கூடவிருந்த சார்க் உச்சி மாநாடு கூடவில்லை. அடுத்த மாநாடு 1990 நவம்பரில், படை வெளியேறிய பின்னர், மாலேயில் நடந்தது. பேசாமலிருந்து காப்பாற்ற நினைத்த அமைப்பே பேசாமையால் நின்றுபோனது.

எல்லையை மூடுவது இதன் கடுமையான வடிவம். ஹெயிட்டியோடு ஒரே தீவைப் பங்கிட்டுக்கொள்ளும் டொமினிக்கன் குடியரசு, சர்வதேசப் படை அங்கே போக வேண்டும் என்று ஐ.நா.வில் திரும்பத் திரும்பக் கேட்டது. தன் படையை அனுப்ப மாட்டேன் என்றது. எல்லையில் மதில் கட்டியது. 2024 ஒக்டோபரில், வாரத்துக்கு 10,000 பேர் வரை திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. கென்யப் பொலிஸார் தலைமையிலான பணிக்கு ஐ.நா. பாதுகாப்புச் சபை 2023 ஒக்டோபரில் அனுமதி கொடுத்து, முதல் அணி 2024 ஜூனில் போய்ச் சேர்ந்த காலத்தில் நடந்தது இது. படையை மற்றவர்கள் அனுப்ப வேண்டும், அகதிகளை மற்றவர்கள் ஏற்க வேண்டும் என்ற இந்த நிலைப்பாட்டின் பின்னால் உள்ள பாரத்தை நான் மறுக்கவில்லை. பக்கத்து நாடு குலையும்போது சுமை முதலில் விழுவது எல்லைக்கு அருகே இருப்பவரின் தலையில்தான். ஆனாலும் படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த ஒரு தலைமுறையின் ஊரிலிருந்து இந்த வழியைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. 2024 டிசெம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கிய மக்களுடன் ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையை அடைந்தபோது, சாப்பாட்டோடு முதலில் ஓடிப்போனவர்கள் அந்தக் கரையிலிருந்த கடற்றொழிலாளர்கள். இலங்கை 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேராத நாடு. சட்டத்தில் இல்லாத கடமையை அந்தச் சனம் தாமாகவே செய்தது.

இனி நான்காவது வழி. ஒப்பந்தம், படை, வெளியேற்றம் என்ற எங்கள் கதையின் திகதிகளோடு இதன் திகதிகள் ஒட்டி ஓடுவதால், இதை வாசிக்கும்போதெல்லாம் மனம் பொறுக்காது. கோஸ்டா ரிக்கா 1948 இல் தன் இராணுவத்தைக் கலைத்துவிட்ட நாடு. வடக்கே நிகரகுவாவில் இடதுசாரிச் சண்டினிஸ்டா ஆட்சி. அதைக் கவிழ்க்க அமெரிக்கா பணமும் ஆயுதமும் கொடுத்து வளர்த்த கொன்ட்ரா படைகள். 1983 நவம்பரில் ஜனாதிபதி மொஞ்ஹே ஆயுதமற்ற நிரந்தர நடுநிலைமையைப் பிரகடனம் செய்தார். ஆனால் நடுநிலைமை தாளில் இருக்க, வடமேற்கு மூலையில் சான்டா எலேனா என்ற இடத்தில், கொன்ட்ராக்களுக்கு ஆயுதம் கொண்டுபோகும் விமானங்களுக்காக இரகசிய ஓடுபாதை ஒன்று போடப்பட்டது. 1986 மே மாதம் பதவிக்கு வந்த ஒஸ்கார் அரியாஸ் அந்த ஓடுபாதையைப் பாவிக்கக் கூடாதென்று மறுத்தார். அமெரிக்கத் தரப்பின் அழுத்தத்தையும் மீறி, அவருடைய அரசாங்கம் செப்டெம்பரில் அதைப் பகிரங்கப்படுத்தியது. அமெரிக்க உதவிப் பணத்தில் பெரிதும் தங்கியிருந்த நாடு அது; கடனும் இருந்தது. அப்படியிருந்தும் ஓடுபாதை மூடப்பட்டது. என்னைப் பொறுத்தவரை இந்த வழியின் உயிர் அதற்குப் பின் வந்த மாநாடுகளிலும் நோபல் பரிசிலும் இல்லை, அந்த ஓடுபாதையில் இருக்கிறது. தன் மண்ணிலிருந்து அயலவனைத் தாக்க விட மாட்டேன் என்று செயலில் காட்டியவனின் சமாதானப் பேச்சைத்தான் மறுதரப்பு நம்பும்.

1987 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, கொழும்பில் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒன்பதாம் நாள், குவாத்தமாலாவில் மத்திய அமெரிக்காவின் ஐந்து ஜனாதிபதிகளும் எஸ்கிப்புலாஸ் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். சண்டினிஸ்டாக்களின் டானியேல் ஓர்ட்டேகாவும் அந்த ஐவரில் ஒருவர். றேகன் நிர்வாகம் விலக்கி வைக்க விரும்பியவரை மேசையில் அமர்த்திவிட்டே கையெழுத்து வாங்கினார்கள். போர்நிறுத்தம், பொதுமன்னிப்பு, சுதந்திரமான தேர்தல், ஆயுதக் குழுக்களுக்கு வெளியிலிருந்து வரும் உதவியை நிறுத்துதல், ஒருவரின் மண்ணை மற்றவருக்கு எதிராகப் பாவிக்க விடாதிருத்தல் ஆகிய எல்லாம் 90 நாள்களுக்குள், எல்லா நாடுகளிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. ஒப்பந்தத்தின் உடலுக்குள்ளேயே நாள் குறித்திருந்தார்கள். கொன்ட்ராக்கள் அதில் கையெழுத்திடவில்லை, எங்கள் போராளி இயக்கங்கள் கொழும்பில் கையெழுத்திடாதது போலவே. வேறுபாடு அதற்குப் பின் வந்தது. அங்கே நிகரகுவா அரசாங்கமும் கொன்ட்ராக்களும் 1988 மார்ச்சில் சப்போவா என்ற எல்லைக் கிராமத்தில் நேருக்கு நேர் இருந்து போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டார்கள். இங்கே ஒப்பந்தத்தை நிறைவேற்ற வந்த படையே எங்கள் தெருக்களில் சண்டைக்காரனானது. 1990 பெப்ரவரி 25 இல் நிகரகுவாவில் தேர்தல் நடந்து வயலெட்டா சமோரோ வென்றார். தோற்ற ஓர்ட்டேகா அப்போது பதவியைக் கையளித்தார். அந்தத் தேர்தலுக்கு ஒரு மாதத்தின் பின்னர் இந்தியப் படை இங்கிருந்து போனது, ஜூன் மாதம் எங்களுக்கு அடுத்த யுத்தம் தொடங்கியது.

கோஸ்டா ரிக்காவின் வழியும் எல்லா நிலைமைக்கும் பொருந்தாது. அதற்குக் காலம் வேண்டும். கிரெனடாவில் ஆறு நாள்களில் நடந்து முடிந்ததை அங்கே பேசிப் பேசி நான்கு ஆண்டுகளாகியும் முடிக்க முடியவில்லை. 1983 ஜனவரியிலேயே மெக்சிக்கோ, வெனிசுவேலா, கொலம்பியா, பனாமா ஆகியவை தொடங்கிய கொன்டடோரா முயற்சி கிடத்திய அத்திவாரத்தின் மேலேதான் அரியாஸ் கட்டினார். அயலார் ஐவரும் ஒரே மொழி பேசி, ஒரே வகை அச்சத்தைப் பகிர்ந்தவர்கள். சுட்டுக்கொல்லும் ஊரடங்குக்குள் ஒரு மக்கள்கூட்டம் அடைபட்டிருக்கும்போது, ‘90 நாளில் பேசுவோம்’ என்பது விடையாகாது. அந்த நேரத்தில் அயல்நாடு செய்யக்கூடியது ஒன்று உண்டு: உள்ளேயிருந்து வரும் அழைப்பு உண்மையானதா என்று பார்ப்பது. 1988 நவம்பர் 3 இல் மாலைதீவில் ஆயுதக் குழு ஒன்று தலைநகரைக் கைப்பற்ற முயன்றபோது, ஜனாதிபதி கையூம் தாமே உதவி கேட்டார். இந்தியப் படையினர் அன்றிரவே ஹுல்ஹுலேயில் இறங்கினார்கள், கவிழ்ப்பு முறியடிக்கப்பட்டது. அழைத்தவர் யார் என்பதில் ஐயமில்லாத இடத்தில் அயலவர்கள் எதிர்த்து வாக்களிக்க வேண்டிய அவசியம் எழவேயில்லை.

ஆகவே என் தெரிவு இப்படி வரிசைப்படுகிறது. எந்த நிலைமையிலும் முதல் நாளே சட்டத்தைச் சொல்லி வாக்களிப்பது, அதுவும் கடன் தந்தவருக்கும் தராதவருக்கும் ஒரே வாக்கு, சிறிய நாட்டுக்கு அடித்தளமாக இருக்க வேண்டும். 2022 மார்ச் 2 இல் உக்ரேன் தொடர்பான தீர்மானத்தில் நேபாளமும் பூட்டானும் மாலைதீவும் ஆதரவாக வாக்களித்தன, இலங்கை வாக்களிக்காமல் இருந்தது. எங்களைப்போலவே இந்தியாவுக்கு அருகிலிருக்கும் நாடுகள் செய்ததைச் செய்ய எங்களுக்கு என்ன தடை என்று கொழும்பைக் கேட்க நியாயம் உண்டு. அந்த வாக்கோடு நின்றால் கம்பூச்சியாவின் கதைதான். எனவே காலம் இருக்கும் இடமெல்லாம் கோஸ்டா ரிக்காவின் வழியில் போக வேண்டும். கூடப் போவதை, உள்ளிருந்து வந்த அழைப்பும் வெளியேறும் நாளும் எழுத்தில் இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

எங்கள் மக்களிடையே அந்நியத் தலையீட்டை இன்னும் வேண்டி நிற்பவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சொல்லைக் கேட்டாலே நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். 2009 இல் எவரும் வரவில்லை என்ற வலி முதலாமவர்களுடையது, 1987 இல் வந்தார்களே என்ற வலி மற்றவர்களுடையது. பல வீடுகளில் இரண்டு வலியும் ஒரே ஆளிடம் உண்டு. இரு சாராரும் சேர்ந்து கேட்கக்கூடிய சில காரியங்கள் இருக்கின்றன. திருகோணமலை, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களையோ பலாலி ஓடுபாதையையோ எந்த அயல்நாட்டுக்கும் எதிரான படை நடவடிக்கைக்குப் பாவிக்க விடுவதில்லை என்ற உறுதி அமைச்சர்களின் பேச்சில் மட்டும் இருந்தால் போதாது. அது பாராளுமன்றச் சட்டமாக வர வேண்டும். கடலால் வரும் அகதியை ஏற்கும் நடைமுறையும் சட்டமாக வேண்டும். சார்க் பட்டயத்தின் பத்தாவது உறுப்புரைக்கு ஒரு விலக்கு வேண்டும்: உறுப்பு நாடொன்றின் படை இன்னோர் உறுப்பு நாட்டின் மண்ணில் நிற்கும் காலத்தில், அது வெளியேறும் நாள் பற்றி மற்ற உறுப்பினர் எவரும் மேசையில் கேட்கலாம் என்று. 2014 இற்குப் பின் உச்சி மாநாடே கூடாத ஓர் அமைப்பில் இதை யார் முன்வைப்பது என்று கேட்பார்கள். அந்தப் படையைத் தன் மண்ணில் கண்டு, வெளியேறும் நாளைத் தனியே நின்று கேட்க நேர்ந்த நாடு என்ற வகையில், அந்த வேலை இலங்கையின் வெளிநாட்டமைச்சுக்கு உரியது.